"இருந்துட்டுப் போகட்டுமே!"

கேள்வி:

எனக்கு வயது 57. ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறேன். வீட்டில் மூன்று அறைகள். ஒன்றின் கதவைத் திறந்தால் மறுபடி மூட முடியாது என்பதால் திறப்பதே இல்லை. கூடத்தில் ஆள் நடக்க ஒரு தடம் மட்டும் இருக்கிறது. கட்டிலில் பாதி இடம் துணிக்கும் காகிதத்துக்கும் போய்விட்டது. மீதிப் பாதியில் ஒருக்களித்துப் படுக்கிறேன். செய்தித்தாள், காலி டப்பா, பழைய மருந்துச் சீட்டு, மாணவர்கள் கொடுத்த வாழ்த்து அட்டை, கைப்பிடி அறுந்த பை என்று எதையும் வெளியே போட மனசு வருவதில்லை. கணவர் இருந்தபோதும் இந்தப் பழக்கம் உண்டு. அவர் போன பிறகு கட்டுமீறிவிட்டது. யாரையும் வீட்டுக்குள் அழைத்து நான்கு வருடமாகிறது.

போன வருடம் மகன் வந்து நான்கு மூட்டை கட்டி வாசலில் வைத்தான். அவன் கிளம்பிய அன்று இரவே இரண்டு மூட்டையை நான் உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் மூன்று மாதத்தில் மனைவியோடும் தவழும் குழந்தையோடும் வருகிறான். "நீங்க ஒரு வாரம் சித்தி வீட்டுல இருங்கம்மா. ஆள் வெச்சு மொத்தமா காலி பண்ணிடறேன். திரும்பி வந்தா வீடு புதுசா இருக்கும்" என்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது.

நான் கஞ்சப் பிசினாறியா? எனக்குப் பைத்தியமா? மகன் சொல்வதற்கு ஒப்புக்கொள்ளலாமா? கணவரின் மூக்குக் கண்ணாடியைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியவில்லை. எழுதும்போதுதான் இது உறைக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்தில் யாரோ வந்து மொத்தமாகக் காலி செய்வது, எவ்வளவு பிரியத்தோடு செய்தாலும், உங்களுக்கு உதவாது. உங்கள் பழக்கத்துக்கு நான் குடை பிடிக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். இப்படிக் காலி செய்யப்பட்ட வீடுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் தரை பளிச்சென்று இருக்கும். வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில், யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். சில மாதங்களில் வீடு மறுபடி நிறையும், முன்னைவிட வேகமாக. இந்த முறை அறைக்குப் பூட்டும் வரும், பிள்ளைகளிடம் பொய்யும் வரும். இரவில் நீங்கள் இழுத்து வந்த இரண்டு மூட்டை அதற்கு ஒரு சின்ன ஒத்திகை.

"அப்போ இப்படியே கிடக்கட்டும்னு சொல்றீங்களா?" என்று உங்கள் மகன் கேட்பார். இல்லை. குழந்தை வருகிறது, வீடு மாறத்தான் வேண்டும். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கஞ்சத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். கஞ்சனுக்கு வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கும். தேடிக் கிடைக்காமல் இதுவரை எத்தனை கத்தரிக்கோல் புதிதாக வாங்கியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அந்தப் பட்டம் தானாகக் கழன்று விழும். பைத்தியம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள், அந்த ஒன்றையாவது யோசிக்காமல் தூக்கிப் போடலாம்.

நீங்கள் விவரிப்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. ஹோர்டிங் டிஸ்ஆர்டர் என்பார்கள். தமிழில் சிலர் 'பதுக்கல் நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பதுக்கல் என்றால் விலை ஏறட்டும் என்று மூட்டைகளை ஒளித்து வைக்கும் வியாபாரிதான் நினைவுக்கு வருகிறார். உங்கள் வீட்டில் பொருளெல்லாம் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. நான்கு வருடமாக ஒளிந்துகொண்டிருப்பது நீங்கள்தான். 'பொருள் சேர்ப்புக் கோளாறு' என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலம் இதை எண்ணச் சுழற்சி நோயின், அதாவது ஓசிடியின், ஒரு கிளையாகத்தான் பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இல் வந்தபோதுதான் இதற்குத் தனி இடம் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இது தனி நோயாகவே இருக்கிறது. முதுமையில் தன்னையும் வீட்டையும் கவனிக்காமல் குப்பைக்குள் வாழ்பவர்களின் நிலைக்கு 'டயோஜெனிஸ் நோய்க்குறி' என்று ஒரு பெயர் முன்பு வைத்தார்கள். பாவம் அந்த கிரேக்க ஞானி. ஒரு சிறுவன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்து, தன்னிடமிருந்த ஒரே கிண்ணத்தையும் வீசியெறிந்தவர் என்று கதை உள்ளவர். அவர் தலையில் போய் இதைக் கட்டினார்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று முத்திரை குத்த மாட்டேன். நேரில் பேச வேண்டும், முடிந்தால் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் சிகிச்சை தரும் நாங்கள் எதைக் கவனிப்போம் என்று சொல்கிறேன். எத்தனை பொருள் இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. ஆயிரக்கணக்கில் தபால்தலை சேர்த்தவர் வீட்டிலும் கட்டிலில் படுக்கலாம், மேஜையில் சாப்பிடலாம். அவர் சேகரிப்பைத் திறந்து காட்டி மகிழ்வார். அறை எதற்காக இருக்கிறதோ அதற்குப் பயன்படுகிறதா, பொருளைப் பிரிவது தாங்க முடியாத வேதனையாக இருக்கிறதா, அதனால் வாழ்க்கை சுருங்கிவிட்டதா என்பவைதான் எங்கள் கேள்விகள். பாதிக் கட்டில், இரவில் திரும்ப இழுத்து வந்த மூட்டை, நான்கு வருடமாக வராத விருந்தாளி என்று நீங்களே மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டீர்கள்.

தனியொருத்தி என்று நினைக்கவும் வேண்டாம். இந்தப் பிரச்சினை நூற்றுக்கு 2 முதல் 6 பேர் வரை இருப்பதாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. வயதானவர்களிடம் கூடுதல். ஆனால் முதுமையில் தொடங்குவது குறைவு. பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் முளைவிட்டு, முப்பதுகளில் வாழ்க்கையை இடிக்க ஆரம்பித்து, போகப்போக முற்றுகிறது. உங்கள் பள்ளிக்காலப் பையை நினைத்துப் பாருங்கள், அதிலேயே ஏதாவது தென்படும். குடும்பத்திலும் ஓடுகிறது. 2009-இல் வெளியான பிரிட்டிஷ் இரட்டையர் ஆய்வு ஒன்றில், பெண்களிடையே இந்தப் போக்கில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணுவால் வருவது என்று தெரிந்தது. 'வறுமையில் வளர்ந்தவர்கள்தான் இப்படிச் சேர்ப்பார்கள்' என்று பலரும் நம்புகிறார்கள். ஆய்வுகளில் அதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. பிரிவு, மரணம், அதிர்ச்சி ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிகிறது. உங்கள் கணவர் இருந்தவரை அவர் ஒரு அணையாக இருந்திருப்பார். "இது எதுக்கும்மா?" என்று அவர் வாரம் ஒருமுறை கேட்டதே போதுமானதாக இருந்திருக்கும். அந்தக் குரல் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது.

இனி ஏன் என்ற கேள்வி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தன் பொருள் என்றால் அதற்கு ஒரு கனம் கூடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். டேனியல் கானிமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட பரிசோதனை புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். கொடுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். என்ன விலைக்கு விற்பாய் என்று அவர்களையும், என்ன விலைக்கு வாங்குவாய் என்று மற்றவர்களையும் கேட்டார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சற்றுமுன் வந்த கோப்பைக்கே இப்படி என்றால், முப்பது வருடம் கூட இருந்த பைக்கு என்ன சொல்வது! என் மேஜையின் கடைசி இழுப்பறையில் எந்தக் கருவிக்கானது என்று தெரியாத சார்ஜர் வயர்கள் ஒரு கொத்து இருக்கின்றன. ஆலோசனை எழுதுபவன் நிலை இது.

ஆனால் உங்களுக்கு நடப்பது இதன் பெரிய அளவு மட்டுமில்லை. 2012-இல் டேவிட் டோலின் என்ற உளவியலாளரும் குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பொருள் சேர்ப்புக் கோளாறு உள்ள 43 பேர், ஓசிடி உள்ள 31 பேர், எந்தப் பிரச்சினையும் இல்லாத 33 பேர். அவர்கள் வீட்டில் குவிந்திருந்த பழைய தபால், காகிதங்களையே கொண்டுவரச் சொன்னார்கள். மூளையை ஸ்கேன் செய்துகொண்டே ஒவ்வொரு காகிதமாகக் காட்டி, வைப்பதா, துண்டு துண்டாக்குவதா என்று கேட்டார்கள். இடையிடையே யாருக்கோ வந்த தபால்களையும் காட்டினார்கள். பிறர் தபாலைப் பார்க்கும்போது இந்த 43 பேருக்கும் மூளையின் சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சோம்பிக் கிடந்தன. தங்கள் சொந்தத் தபால் வந்ததும் அதே பகுதிகள் அளவுமீறிக் கொதித்தன. எது முக்கியம், தவறு செய்கிறோமா, இது சரியாகப் படுகிறதா என்று எடைபோடும் இடங்கள் அவை. சாதாரண விளம்பரத் தாளுக்கு, வீட்டை விற்பதா வேண்டாமா என்ற அளவுக்கு மூளை உழைக்கிறது. நூறு தாள் பார்த்தால் நூறு முறை.

இதை ஒருமுறை மிக அருகில் பார்த்தேன். என்னிடம் வந்த ஒருவர், யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். முதலில் வெளியே எடுத்தது ஒரு காலி உறை. கிழித்துப் பிரித்த உறை. உள்ளே எதுவும் இல்லை. பின்பக்கம் பென்சிலில் ஒரு தொலைபேசி எண், பெயர் இல்லை. "யாருடைய எண்?" என்றேன். "தெரியலையே" என்றார். "தெரியாத எண் எதற்கு?" அவர் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தெரியாததாலதான சார் வெச்சிருக்கேன். தெரிஞ்சிருந்தா எழுதிக்கிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேனே!"

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அந்த உறையை அவர் வைத்திருந்தது அதன்மேல் ஆசையால் அல்ல. போட்டுவிட்ட பிறகு, அது முக்கியமான எண்ணாக இருந்து, 'நான்தானே போட்டேன்' என்று ஆகிவிட்டால்? அந்த ஒரு நொடியை அவரால் தாங்க முடியாது. வைத்திருக்கும் வரை அந்த நொடி வராது. உங்கள் வீட்டில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குப் பிரியமான பொருள்கள் அல்ல, சகோதரி. எடுக்காமல் விட்ட முடிவுகள். 'இருந்துட்டுப் போகட்டுமே' என்று சொல்லும்போது நீங்கள் அந்தப் பொருளை வைத்துக்கொள்ள முடிவு செய்வதில்லை. இன்றைக்கு முடிவு செய்வதிலிருந்து தப்பிக்கிறீர்கள். தப்பித்ததும் நெஞ்சு லேசாகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் பழக்கத்துக்குத் தீனி.

இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவோம் என்ற பயம். அதனால் அலமாரிக்குள் போக வேண்டியது கட்டில்மேல் வருகிறது. அதன்மேல் இன்னொன்று வந்ததும் முதலாவது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. இரண்டாவது, வகைப்படுத்துவதில் சிக்கல். மற்றவர்கள் 'பழைய ரசீது' என்று ஒரே கட்டாகப் பார்ப்பதை நீங்கள் 'அந்த மழைநாள் வாங்கிய குடையின் ரசீது', 'தங்கை கூட வந்தபோது கிடைத்தது' என்று தனித்தனியாகப் பார்க்கிறீர்கள். நூறு பொருளுக்கு நூறு வகை என்றால் எந்தப் பெட்டியில் அடுக்குவது? மூன்று மணி நேரம் ஒழுங்குபடுத்தி, கடைசியில் குவியல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாறியதோடு முடிந்த நாள்கள் உங்களுக்கு நிறைய இருந்திருக்கும். சோம்பேறித்தனம் என்று வீட்டார் சொல்வது அநியாயம். இதில் உள்ள உழைப்பு பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

வீணாக்கக் கூடாது என்ற மனசாட்சியும் உண்டு. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று என்னிடம் வாதாடாதவர் இல்லை. உண்மைதான். ஆனால் பல் குத்தத் துரும்பு தேவைப்படும் நேரத்தில் அது கைக்குக் கிடைக்க வேண்டுமே.

பிறகு, இழப்பு. இந்தக் கோளாறைப் பற்றிப் பேசும் எவரும் நியூயார்க்கின் காலியர் சகோதரர்களைச் சொல்லாமல் விடுவதில்லை. ஹோமர், லாங்லி என்று இருவர். 1947-இல் அவர்கள் வீட்டுக்குள் இருவரும் இறந்து கிடக்கக் கண்டுபிடித்தார்கள். குவிந்திருந்த பொருள்கள் 100 டன்னுக்கு மேல். பியானோக்கள் மட்டும் 14. இந்த எண்களைத்தான் எல்லோரும் வாய்பிளந்து சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அண்ணன் ஹோமருக்குக் கண் பார்வை போய்விட்டிருந்தது. தம்பி லாங்லி வருடக்கணக்கில் செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்தார். ஏன் என்று ஒரு செய்தியாளர் கேட்டபோது, அண்ணனுக்குப் பார்வை திரும்பியதும் விட்டுப்போன செய்திகளை எல்லாம் படிக்க வேண்டுமே என்றாராம். அந்தத் தாள்களைக் குப்பை என்று எப்படிச் சொல்வது? அவற்றைக் கட்டி வெளியே போடுவது, அண்ணனுக்கு இனிப் பார்வை வராது என்று ஒப்புக்கொள்வது. உங்கள் வீட்டிலும் அப்படிச் சில கட்டுகள் இருக்கும். கணவர் வாசித்த செய்தித்தாளா, அவர் பெயர் எழுதிய மருந்துச் சீட்டா, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இப்போது மூன்று மாதத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

வீடு காலியாக வேண்டும் என்ற இலக்கை விட்டுவிடுங்கள். குழந்தை வந்தால் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாசல் கதவு முழுதாகத் திறக்க வேண்டும். அடுப்பைச் சுற்றி ஒரு காகிதமும் இருக்கக் கூடாது. மின்சார ஸ்விட்சுகள், பிளக்குகள் பக்கம் துணி கிடக்கக் கூடாது. தலை உயரத்துக்கு அடுக்கியது எதுவும் சரிந்து விழும்படி நிற்கக் கூடாது. குழந்தை தவழ ஒரே ஒரு அறைத் தரை. இது மிகைப்பட்ட பயமில்லை. மெல்பர்ன் தீயணைப்புத் துறையின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வீட்டுத் தீ விபத்துகளில் இப்படி நிறைந்து கிடந்த வீடுகளில் நடந்தவை 0.25 சதவீதம்தான், ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில் நேர்ந்திருந்தன. தப்பி ஓட வழி இல்லாததும் ஒரு காரணம்.

மேற்சொன்ன ஆபத்துகள்தான் முதல் வேலை. அவை முடிந்ததும் கட்டிலில் தொடங்குங்கள். முழுக்கட்டிலில் நீட்டிப் படுத்து ஒரு இரவு தூங்கினால் மறுநாள் செய்ய ஆசை வரும். மூடிய அறையின் பக்கமே இப்போது போகாதீர்கள். கணவரின் பொருள், மாணவர்களின் அட்டை, கடிதம், புகைப்படம் எதையும் இந்த மூன்று மாதத்தில் தொட வேண்டாம். எதிர்ப்பட்டால் தனியாக ஒரு பெட்டியில் வைத்துவிட்டு நகருங்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். பழைய புகைப்படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அழுகையும் வந்துவிடும். மறுநாள் தொடங்கவே மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அலாரம் வையுங்கள். அடித்ததும் நிறுத்திவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். ஆசிரியையாக இருந்த உங்களுக்கு ஒன்று எளிதாகப் புரியும். நூறு விடைத்தாளை ஒவ்வொன்றாக மனம்போல் மதிப்பிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் (அந்தச் சொல்லை நானே பயன்படுத்திவிட்டேன், மன்னியுங்கள்). அதனால் முதலில் மதிப்பெண் விதியை வகுத்துக்கொள்வீர்கள். இங்கேயும் அதேதான். பொருளைக் கையில் எடுத்த பிறகு 'இது வேண்டுமா?' என்று கேட்டால் உங்கள் மூளை ஆயிரம் காரணம் சொல்லும், எல்லாமே நல்ல காரணமாகவும் இருக்கும். எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: மூடி இல்லாத டப்பா போகும். காலாவதியான மருந்து போகும். கணவரின் பெயர் இல்லாத, ஒரு மாதத்துக்கு முந்தைய செய்தித்தாள் போகும். கைப்பிடி அறுந்த பை போகும். பிறகு விதிதான் முடிவு செய்யும், நீங்கள் வெறும் மேற்பார்வையாளர். சந்தேகம் வந்தால் போட ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒன்றுதான். இரண்டாவது சந்தேகப் பெட்டி வந்தால் அது இன்னொரு குவியலின் தொடக்கம் என்று அர்த்தம்.

மனசு பதறும். பதறட்டும். பொருளைப் பையில் போட்டதும் எவ்வளவு வேதனை என்று சுழியத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். மறுநாள் ஒருமுறை. அந்த உறைக்காரர் முதலில் எழுதியது 85. பத்து நிமிடத்தில் 60. அடுத்த வாரம் வந்தபோது எண் எழுதுவதற்காக ஞாபகப்படுத்தினேன். "எந்த உறை?" என்றார். எல்லாப் பொருளும் இப்படி மறந்துபோகாது, சிலவற்றுக்கு வருத்தம் இருக்கவே இருக்கும். ஆனால் அந்த வேதனை ஏறிக்கொண்டே போகாது, ஒரு இடத்தில் இறங்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் நம்ப முடியாது. உங்கள் கையெழுத்தில் இருக்கும் எண்களைத்தான் நம்புவீர்கள்.

உள்ளே வருவதையும் நிறுத்த வேண்டும். செய்தித்தாளை இன்றே நிறுத்திவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருவதையும்தான்.

உங்கள் மகனுக்கும் சில வரிகள் எழுதுகிறேன். அவரிடம் காட்டுங்கள்.

தம்பி, அம்மாவுக்கு உதவ நினைக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கை வலிமையைவிட உங்கள் பொறுமைதான் அங்கே தேவை. ஒரு வாரம் அவரை வெளியே அனுப்புவதற்குப் பதில், ஒரு வாரம் முன்னதாக நீங்கள் மட்டும் வாருங்கள். அவர் முன்னால் உட்கார்ந்து மூட்டையின் வாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுவது அவர் கையாக இருக்கட்டும். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். "இதை எல்லாம் எவன் வெச்சிருப்பான்?" என்று ஒருமுறை சொன்னால் அன்றைய வேலை முடிந்தது. நிரம்பிய மூட்டையை அன்றே, அவர் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். வாசலில் வைக்க வேண்டாம். ஏன் என்று அம்மா சொல்வார். பத்து மூட்டைக்குப் பதில் மூன்றுதான் போனது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்றும் திரும்பி வராது.

மறுபடி உங்களிடம், சகோதரி. இதைத் தனியாகச் செய்து முடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அவசியம் பாருங்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. கணவர் போன பிறகு யாரையும் அழைக்காத நான்கு வருடம் என்று நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு வீட்டைவிட அதுதான் கவலை. மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது. அது தேறினால் இந்த வேலைக்கும் தெம்பு வரும். பொருள் சேர்ப்புக்கென்று வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. கேயில் ஸ்டெகெட்டி, ராண்டி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது. சுமார் 26 அமர்வுகள், அவற்றில் சில வீட்டிலேயே நடக்கும். முழுதாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பலருக்கு நன்றாகக் குறைகிறது, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தோடு கட்டில் கிடைக்கிறது, விருந்தாளி வருகிறார். ஐம்பது அறுபது வயதுக்கு மேல் திடீரென்று புதிதாகத் தொடங்கியிருந்தால் மறதி நோயோ மூளையில் வேறு பாதிப்போ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு முன்பே இருந்தது என்பதால் அந்தப் பயம் குறைவு, இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது கூடத்தையும் கட்டிலையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். வாயால் விவரிப்பதைவிட அது எளிது.

கடைசியாக அந்தக் கண்ணாடி. நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தூக்கிப் போடச் சொல்லி யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். எனக்கென்னவோ அது கட்டிலின் அந்தப் பாதியில்தான், துணிகளுக்கு அடியில் எங்கேயோ இருக்கும் என்று தோன்றுகிறது. ஒருவேளை மூடிய அறைக்குள்ளும் இருக்கலாம். கட்டிலின் தலைமாட்டில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, அங்கே வேறு எதையும் வைக்காமல் விட்டு வையுங்கள். கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.